ஒன்பது வருஷத்து அப்பா

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகப் போனால் கொல்லிமலையின் அடிவாரத்தில் வருகிற ஊர் காரவள்ளி. பிரபலமான அந்த 70 கொண்டை ஊசி வளைவுகள் இங்கிருந்துதான் ஆரம்பிக்கின்றன. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை உண்டு. பின் சீட்டில் இருக்கிற பிள்ளைகள் சத்தமாக எண்ணிக்கொண்டே வருவார்கள். முப்பதைத் தாண்டுவதற்குள் யாராவது ஒருவருக்கு வாந்தி வந்துவிடும், எண்ணிக்கை நின்றுவிடும்.

1913ல் இந்தச் சாலை இல்லை. மேலே போக வேண்டுமென்றால் நடக்க வேண்டும், அல்லது டோலியில் போக வேண்டும். அந்த வருஷம் சேந்தமங்கலத்தில் கல்யாணம் செய்துகொண்ட ஒரு ஆங்கிலேயத் தம்பதி மழையில் மலையேறி வாழவந்தி என்ற இடத்துக்குக் குடிபோனார்கள். மாப்பிள்ளை ஜெஸ்ஸி பிராண்ட், 28 வயது. பெண் எவ்லின் ஹாரிஸ், லண்டனில் வசதியான வீட்டில் வளர்ந்தவர், மாப்பிள்ளையைவிட ஆறு வயது மூத்தவர். இருவரும் பாப்டிஸ்ட் மிஷனரிகள். அடுத்த வருஷம், 1914 ஜூலையில், ஒரு பையன் பிறந்தான். 1917ல் ஒரு பெண். பையன் பெயர் பால். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்திக் காட்டிய வேலூர் டாக்டர் பால் பிராண்ட் அவர்தான்.

பால் பிராண்டைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வேலூரிலிருந்து ஆரம்பிப்பார்கள். எனக்கு அவருடைய முதல் ஒன்பது வருஷங்கள்தான் முக்கியமாகப் படுகின்றன. நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு அப்பா தன் சின்னப் பிள்ளைகளோடு என்ன செய்தார் என்பது நமக்குப் பெரும்பாலும் தெரியாது, யாரும் எழுதி வைக்கவில்லை. நம் தாத்தாக்கள் தங்கள் நிலத்தின் சர்வே நம்பரை எழுதி வைத்தார்கள், கொடுத்த கடனை எழுதி வைத்தார்கள். பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு எந்தத் திருவிழாவுக்குப் போனோம் என்று எழுதவில்லை. இந்த ஒரு வீட்டில் மட்டும், பையன் பெரியவனாகி தன் அப்பாவைத் திரும்பத் திரும்ப எழுதினான்.

ஜெஸ்ஸி பிராண்ட் டாக்டர் இல்லை. கட்டட வேலை கற்றவர். லண்டன் லிவிங்ஸ்டன் கல்லூரியில் மிஷனரிகளுக்கென்று நடத்திய ஒரு வருஷ மருத்துவப் பயிற்சி முடித்திருந்தார், அவ்வளவுதான். 1907ல் இந்தியா வந்தவர். மலைமேல் தன் வீட்டைத் தானே மரத்தில் கட்டினார். மலையாளிகள் (இங்கே கேரளம் இல்லை, கொல்லிமலையின் பழங்குடி மக்களுக்கே அந்தப் பெயர்) அவரிடம் பல் பிடுங்கிக்கொள்ள, கட்டியைக் கீறிக்கொள்ள வந்தார்கள். தச்சு வேலை சொல்லிக்கொடுத்தார், ஆரஞ்சுக் கன்று நட்டார், பள்ளிக்கூடம் நடத்தினார். இவ்வளவும் நடந்தது வீட்டு வாசலிலோ, வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்திலோதான். அப்பா வேலைக்குப் போனார் என்று அந்தப் பிள்ளைகள் சொல்லியிருக்க முடியாது. வேலைதான் வீட்டுக்கு வந்தது, வலியோடும் புண்ணோடும்.

பால் பார்த்தவற்றில் ஒன்று நரம்புச் சிலந்தி. இளைய தலைமுறைக்கு இந்தப் பெயரே தெரியாது. இந்தியாவில் கடைசி நோயாளி 1996ல். 2000ல் உலக சுகாதார நிறுவனம் ஒழிந்துவிட்டதாகச் சான்றளித்தது. அசுத்தமான கிணற்றுத் தண்ணீர் வழியாக உடம்புக்குள் போகும் புழு, ஒரு வருஷம் உள்ளேயே வளர்ந்து, பெரும்பாலும் காலில் ஒரு கொப்புளத்தின் வழியாகத் தலை நீட்டும். இரண்டடி, மூன்றடி நீளம் இருக்கும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும், உள்ளே நின்ற மிச்சம் சீழ் பிடிக்கும். அதனால் ஒரு குச்சியில் சுற்றி, தினம் கொஞ்சம் கொஞ்சமாக, நாள்கணக்கில் இழுக்க வேண்டும். ஜெஸ்ஸி அதைச் செய்வார், பையன் பக்கத்தில் நின்று பார்ப்பான்.

வேலை முடிந்து நடக்கும்போது இன்னொரு பாடம். கரையான் புற்றின் முன்னால் நின்றுவிடுவார். மணலில் கூம்பு மாதிரிக் குழி தோண்டி அடியில் காத்திருக்கும் குழியானையைக் காட்டுவார், தூக்கணாங்குருவிக் கூட்டின் பின்னலைக் காட்டுவார். இதற்கென்று தனியாக ஒரு நேரம் ஒதுக்கவில்லை. போகிற வழியில் இருந்தது, காட்டினார்.

கணக்கும் எழுத்தும் யார் சொல்லிக்கொடுத்தது? அம்மா. பையனுக்கு அறைக்குள் உட்காரப் பிடிக்காது. பலா மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து கணக்குப் போடுவான், போட்டதைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்குவான், எவ்லின் கீழே நின்று திருத்துவார். மலேரியாவுக்குக் கொய்னா கொடுத்து முழுங்க வைத்ததும், ராத்திரி காய்ச்சலில் பக்கத்தில் இருந்ததும் யார் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். ஆனால் பால் பிராண்டின் புத்தகங்களில் அதிசயங்கள் எல்லாம் அப்பாவின் கணக்கில் வருகின்றன. அம்மா செய்தது அரிசி மாதிரி, தினம் சாப்பிட்டும் பெயர் சொல்ல மாட்டோம். அப்பாவைப் பற்றிய எந்தப் பிள்ளையின் நினைவுக்குறிப்பைப் படிக்கும்போதும் இந்தக் கழிவை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

தமிழ் மரபில் அப்பாவின் இடம் எங்கே என்று கேட்டால் உடனே புறநானூற்றின் 312ஆம் பாட்டைக் காட்டுவார்கள், பொன்முடியார் பாடியது. பெறுவது தாயின் பொறுப்பு, சான்றோனாக்குவது தந்தையின் பொறுப்பு என்ற அந்தப் பங்கீடு பட்டிமன்றங்களில் தேய்ந்துபோன விஷயம். அதில் தந்தை கொஞ்சம் தாமதமாகத்தான் வருகிறார், பிள்ளை நடந்து பேசிப் பழகிய பிறகு. அதே புறநானூற்றில் 188ஆம் பாட்டு பாண்டியன் அறிவுடைநம்பி என்ற அரசனுடையது. சோற்றுத் தட்டில் கைவிட்டு உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தையைப் பற்றி ஒரு ராஜா பாடியிருக்கிறார். இவர் அந்தக் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர். ஆனால் மேடையில் கைதட்டல் 312க்குத்தான்.

இன்னொன்றும் உண்டு. குறத்தி பிள்ளை பெறக் குறவன் காயம் தின்ன கதை என்று ஒரு பழமொழி. சம்பந்தமில்லாதவன் அலட்டிக்கொள்வதைக் கேலி செய்யச் சொல்வார்கள். ஒரு சமூகத்தின் வழக்கத்தைப் பார்த்து மற்றவர்கள் சிரித்த சிரிப்பு அது. மனைவி பிரசவிக்கும்போது கணவனும் பிரசவ மருந்து சாப்பிடுவது, பத்தியம் இருப்பது, படுத்துக்கொள்வது உலகில் பல இடங்களில் பதிவாகியிருக்கிறது. எட்கர் தர்ஸ்டன் 1909ல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளில் குறவர்களிடையே இருந்த வழக்கத்தையும் குறித்திருக்கிறார். மானிடவியலாளர்கள் இதற்குப் பல விளக்கம் கொடுப்பார்கள். எனக்குத் தோன்றுவது எளிமையானது: இது என் பிள்ளையும்தான் என்று ஊரறியச் சொல்ல ஒரு ஆணுக்குக் கிடைத்த சடங்கு. அதைப் போய்க் கேலியாக்கி வைத்திருக்கிறோம்.

வாழவந்திக்குத் திரும்புகிறேன். பிராண்ட் தம்பதிக்கு அங்கே பெரிய வரவேற்பு இல்லை. மருந்துக்கு வந்தார்கள், மதத்துக்கு வரவில்லை. கடுமையாக எதிர்த்தவர் உள்ளூர்ப் பூசாரி. அவருடைய பக்கத்திலிருந்து பார்த்தால் அதில் தப்பே இல்லை. எங்கிருந்தோ வந்த ஒருத்தன், தெய்வத்தை விடு என்கிறான், பல்லும் பிடுங்குகிறான், ஜனம் அவன் வாசலில் நிற்கிறது. எந்தப் பூசாரிக்குப் பொறுக்கும்?

முதல் உலகப்போர் முடியும் சமயம் வந்த விஷக்காய்ச்சல், ஸ்பானிஷ் ஃப்ளூ, இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் உயிர்களைக் கொண்டுபோனது. அது மலைக்கும் ஏறியது. பூசாரியும் அவர் மனைவியும் படுத்தார்கள். பயத்தில் யாரும் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. ஜெஸ்ஸியும் எவ்லினும் கஞ்சி எடுத்துக்கொண்டு போனார்கள். பிழைக்க மாட்டோம் என்று தெரிந்தபோது பூசாரி தன் பிள்ளைகளை அவர்கள் பொறுப்பில் ஒப்படைத்தார். அதில் ஒன்று ஒரு வயதுகூட ஆகாத பெண் குழந்தை.

மிஷன் வரலாற்றில் இந்தச் சம்பவம் ஒரு வெற்றியாக, எதிரி மனம் மாறிய கதையாக எழுதப்பட்டிருக்கிறது. அதன் பிறகே ஜனங்கள் பிராண்டுகளை நம்பினார்கள் என்று. இருக்கலாம். நான் அதை ஒரு அப்பாவின் கதையாகத்தான் படிக்கிறேன். தன் சொந்தங்கள், தன் தெய்வம், தன் ஊர் எல்லாம் ஒரு பக்கம். குழந்தைக்கு நாளைக்குப் பால் கொடுக்க யார் இருக்கிறார்கள் என்பது ஒரு பக்கம். வருஷக்கணக்காகச் சண்டை போட்டவனைக் கூப்பிட்டு, நீ எடுத்துக்கோ என்று சொல்ல, அந்த மனுஷன் உள்ளே எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்க வேண்டும்? எதிரி பிள்ளைகளை எப்படி வளர்க்கிறான் என்பதை அவர் இத்தனை நாள் பார்த்திருக்கிறார் என்றும் அதற்கு அர்த்தம். மலையில் எல்லாமே கண்ணுக்குத் தெரியும் இடத்தில்தானே நடந்தது.

இப்போது கொடுமையான பகுதி. ஊரார் பிள்ளைகளை எடுத்து வளர்த்த இதே பெற்றோர், 1923ல் விடுப்பில் இங்கிலாந்து போனபோது, ஒன்பது வயதுப் பாலையும் ஆறு வயது கோனியையும் லண்டனில் எவ்லினின் அக்கா தங்கைகளிடம் விட்டுவிட்டு மலைக்குத் திரும்பினார்கள்.

அந்தக் காலத்து ஆங்கிலேயர்களுக்கு இது வழக்கம். ஏழெட்டு வயதுக்கு மேல் இந்திய வெயிலில் வளர்ந்தால் உடம்பு கெடும் என்றார்கள், பேச்சு கெடும் என்று வெளியே சொல்லாமல் பயந்தார்கள். ருட்யார்ட் கிப்ளிங் 1871ல் ஆறு வயது நிறைவதற்கு முன்பே மூன்று வயதுத் தங்கையோடு இங்கிலாந்தில் முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தில் விடப்பட்டார். பெற்றோர் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வீட்டின் கொடுமையைப் பின்னாளில் கதையாகவே எழுதினார். அதோடு ஒப்பிட்டால் பிராண்ட் பிள்ளைகள் அன்பான சித்தி பெரியம்மா வீட்டில்தான் இருந்தார்கள்.

வேறு வழியே இல்லையா என்றால், இருந்தது. அமெரிக்க மிஷனரிகள் 1901லேயே கொடைக்கானலில் தங்கள் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் தொடங்கியிருந்தார்கள். கொல்லிமலையிலிருந்து அது கண்காணாத தூரமில்லை. வருஷத்தில் இரண்டு மாதமாவது பிள்ளைகளைப் பார்த்திருக்கலாம். ஜெஸ்ஸி ஏன் லண்டனைத் தேர்ந்தெடுத்தார்? ஊர் வழக்கம், படிப்பு, அடுத்த மலைத்தொடருக்கும் போக வேண்டும் என்ற அவருடைய திட்டம். தேவன் கொடுத்த வேலை என்று அவர் சொல்லியிருப்பார். நம் ஆட்கள் டெட்லைன் என்கிறார்கள். ஒருவர் தன் வேலையைப் புனிதமாக நினைக்க ஆரம்பித்தால் அதற்கு விலையாகப் பிள்ளையின் நாட்களைக் கொடுப்பது ரொம்ப சுலபமாகிவிடுகிறது. இதை அவர்மேல் குற்றப்பத்திரிகையாக எழுதவில்லை. அவரை எனக்குப் பிடிக்கும் என்பதால்தான் உறுத்துகிறது.

என் தொழிலில் இதன் இன்னொரு வடிவத்தைப் பார்த்தோம். 2020ல் வேலை வீட்டுக்கு வந்தது. மென்பொருள்காரர்கள் எல்லோரும் அப்பாவாகிவிட்டோம் என்று சந்தோஷப்பட்டோம். ஆனால் பக்கத்து அறையில் இருந்த பிள்ளையிடம் அப்பா என்ன வேலை செய்றார் என்று கேட்டால், "மீட்டிங் பண்றார்" என்றுதான் பதில். பார்க்க ஒன்றும் இல்லை. ஒரு முதுகு, ஒரு திரை, காதில் மாட்டிய ஹெட்செட், ஷ்ஷ் என்று உதட்டில் விரல். புழுவைக் குச்சியில் சுற்றுவதை ஐந்து வயசுப் பிள்ளை புரிந்துகொள்ளும். நாம் செய்வதை ஐந்து வயசுக்குப் புரியவைக்க முடியாது, சில நாள் நமக்கே புரியாது.

அதற்காகப் பழைய காலம் பொற்காலம் என்று கிளம்பிவிடக்கூடாது. குழித்தறியில் அப்பா நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்றிய பிள்ளைகள் அப்பாவின் வேலையை நாள் முழுக்கப் பார்த்தார்கள், பள்ளிக்கூடத்தைத்தான் பார்க்கவில்லை. கண்ணெதிரே இருக்கும் வேலை பிள்ளையை விழுங்கியும் இருக்கிறது. பால் பிராண்டுக்கு வாய்த்தது அபூர்வம்: பார்க்கலாம், ஆனால் உழைக்க வேண்டியதில்லை. ஒரு மிஷனின் சம்பளமும், துரை வீட்டுப் பிள்ளை என்ற அந்தஸ்தும் அதற்குப் பின்னால் இருந்தன. அதே மலையில் அதே வயதுப் பையன்கள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள்; அவர்களுடைய அப்பாக்கள் என்னென்ன காட்டிக்கொடுத்தார்கள் என்பதற்குப் புத்தகம் இல்லை. தேன் எடுக்கப் போகும் வழியில் அவர்கள் காட்டியது ஜெஸ்ஸிக்குத் தெரிந்ததைவிட அதிகமாகவே இருந்திருக்கும். சட்டத்தின் கதையையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். 2017ல் தாய்மார்களுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு வந்தது, மத்திய அரசு ஊழியரான தந்தைக்கு 15 நாள், தனியார் துறைத் தந்தைக்கு அந்தச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. அப்பா என்பவர் இன்னமும் 312ஆம் பாட்டில் இருக்கிறபடி பின்னால் வந்தால் போதும் என்றுதான் நம் சட்டமும் நினைக்கிறது.

அப்பாவின் பாதிப்பு பிள்ளையிடம் நேர்கோட்டில் போகும் என்றும் நினைக்க வேண்டாம். சீழும் ரத்தமும் பார்த்து வளர்ந்த பால், மருத்துவம் படிக்க வைக்கிறேன் என்று உறவினர் முன்வந்தபோது வேண்டாம் என்றார். அப்பாவின் கட்டியைக் கீறும் கத்தி அவருக்கு அருவருப்பாகவே நினைவில் இருந்தது. கட்டட வேலைக்குப் போனார். தச்சு, கல்வேலை என்று ஐந்து வருஷம். பிறகு அப்பா படித்த அதே லிவிங்ஸ்டன் கல்லூரியின் அதே பயிற்சிக்குப் போனார். அப்போது ஒரு ஆஸ்பத்திரியில், ரத்தம் இழந்து வெளுத்துக் கிடந்த ஒரு பெண்ணுக்கு ரத்தம் ஏற்றியபோது உயிர் திரும்புவதைப் பார்த்தார். அங்கேதான் மனசு மாறியது.

சின்ன வயதில் ஒருநாள் மூன்று தொழுநோயாளிகள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அப்பா பிள்ளைகளை உள்ளே போகச் சொன்னார். எப்போதும் இல்லாத வழக்கமாகக் கையுறை மாட்டிக்கொண்டு அவர்களுடைய கால்களைக் கழுவிக் கட்டுப் போட்டார். அம்மா ஒரு கூடையில் பழம் கொடுத்தார். அவர்கள் கூடையை வைத்துவிட்டுப் போனார்கள். அந்தக் கூடையைத் தொடக்கூடாது என்று சொல்லி அப்பா அதை எரித்துவிட்டார். ஒளிந்திருந்து பார்த்த பையனின் மனதில் எரிந்த அந்தக் கூடை நின்றுவிட்டது. எந்த நோயாளியையும் வாசலில் உட்கார வைக்கிற அப்பா பயந்த ஒரே நோய் அது. 1946ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால், செங்கல்பட்டில் டாக்டர் காக்ரேனின் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். அங்கே ஒரு நோயாளியிடம் தன் கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். மடங்கிய விரல்கள் வலிக்கிற அளவுக்கு இறுக்கின. தசைகள் செத்துப்போகவில்லை என்று அந்தப் பிடியில் தெரிந்தது. பின்னால் வந்த தசைநாண் மாற்று அறுவைச் சிகிச்சைகள், சிகிச்சை முடிந்தவர்களுக்குத் தச்சு வேலை கற்றுக்கொடுத்த வேலூர் நவ ஜீவ நிலையம் எல்லாம் அந்தப் பிடியிலிருந்து ஆரம்பித்தவை. அப்பா காட்டிக்கொடுத்ததில் தைரியம் எவ்வளவோ அவ்வளவு பயமும் இருந்தது. மகன் வாழ்நாள் முழுக்க வேலை செய்தது அந்தப் பயம் இருந்த இடத்தில்.

லண்டனில் விடப்பட்ட ஆறு வருஷங்களும் கடிதங்கள்தான். ஜெஸ்ஸி விடாமல் எழுதினார். மரங்கள், பூச்சிகள், வந்த நோயாளிகள், வழியில் பார்த்தவை. கூட நடக்க முடியாத அப்பா, நடந்த வழியைத் தாளில் அனுப்பிக்கொண்டிருந்தார். அடுத்த விடுப்பு 1930ல். அப்போது நேரில் பார்க்கலாம்.

1929 ஜூனில் கருநீர்க் காய்ச்சல் வந்தது. மலேரியா முற்றி, ரத்தச் சிவப்பணுக்கள் கூட்டம் கூட்டமாக உடைந்து, சிறுநீர் கறுத்துப்போகும் நிலை. சிலநாள்கூட ஆகவில்லை, 44 வயதில் இறந்தார். வாழவந்தியிலேயே புதைத்தார்கள். எவ்லின் 1974 டிசம்பரில் தன் 95ஆம் வயதில் இறக்கும் வரை, நடுவில் விலகியிருந்த காலம் தவிர, இந்த மலைகளிலேயே இருந்தார்; மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் இறங்கவில்லை, மட்டக்குதிரையில் ஏறி ஊர் ஊராகப் போனார். அவரும் கணவர் பக்கத்திலேயே புதைக்கப்பட்டார். கணவர் இறந்த பின் அவர் லண்டன் வந்தபோது பாலுக்கு அம்மாவை அடையாளம் தெரியவில்லை. உயரமான அழகான ஒரு பெண்ணை நினைவில் வைத்திருந்தவன் முன்னால் குனிந்து நரைத்த ஒருவர் நின்றார்.

அப்பாவின் மரணச் செய்தி தந்தியில் போனது, உடனே கிடைத்தது. கடிதங்கள் கப்பலில் போயின. பாலுக்கு அப்போது பதினைந்து நிறைய ஒரு மாதம் இருந்தது. அப்பா இல்லை என்று தெரிந்த பிறகும் வாரக்கணக்கில் அப்பாவின் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன, அதே கையெழுத்தில், மலையைப் பற்றியும் 1930ல் வரப்போவதைப் பற்றியும். இதை அவர் வயதான பிறகும் எழுதினார். எதிர்த் திசையிலும் கடிதங்கள் வந்திருக்கும். பிள்ளைகள் மே மாதம் எழுதிப் போட்டவை கடல் தாண்டி, ரயிலேறி, சேந்தமங்கலம் வந்து, அங்கிருந்து ஒரு ஆள் தூக்கிக்கொண்டு மலையேறியிருப்பார். உறைமேல் இருவர் பெயரும் இருந்திருக்கும். எவ்லின்தான் பிரித்திருக்க வேண்டும்.